நாற்பத்தெட்டு இலக்கங்கள்

சாய்ந்தமருதில் ஜுனைதாவின் வீட்டு முன்னறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பலகை போட்டால் ஆண்களும் வந்து ஏறிவிடுவார்கள் என்பாள். பலகை இல்லாமலே கூட்டத்துக்குக் குறைவில்லை. மருதமுனையிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் பெண்கள் அபாயாவுக்குள் லெப்டொப்பை அணைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்து இறங்குவார்கள். வண்டிக்காரனிடம் "கொம்பியூட்டர் ராத்தா வீடு" என்றால் போதும், மறு பேச்சில்லாமல் கொண்டுவந்து விடுவான்.

உள்ளே ஒரு நீள மேசை, பற்றவைக்கும் சூட்டுக்கோல், பூதக்கண்ணாடி விளக்கு, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அந்தக் கருவியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கொம்பியூட்டரின் மூளைக்குப் பக்கத்தில் எட்டுக் காலோடு குந்தியிருக்கும் சின்னஞ்சிறு சிப்பைப் படிக்கவும் எழுதவும் அதனால் முடியும். கல்முனைக் கடைத்தெருவில் பெரிய கண்ணாடிக் கதவு வைத்திருக்கிற கடைக்காரர்களே, தங்களால் திருத்த முடியாத கொம்பியூட்டர்ப் பலகைகளைத் தங்கள் மனைவிமார் கையில் ரகசியமாக அவளுக்குக் கொடுத்தனுப்புவதுண்டு. மறுநாள் தாங்களே திருத்தியதுபோல் மீசையைத் தடவிக்கொள்வார்கள். ஜுனைதாவுக்கு அதில் கோபமில்லை. சிரிப்புத்தான்.

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. திரையில் கம்பெனியின் இலச்சினை தோன்றும் வரைக்கும்தான் அவள் வேலை. அதற்கப்பால் இருப்பதெல்லாம் உரியவளுடையது. யாராவது பூட்டைத் திறக்கும் பின் நம்பரைச் சொல்ல வாயெடுத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். வேலைக்காக எதையாவது படியெடுக்க நேர்ந்தால் அதற்கென்று ஒரு சிவப்பு பென்ட்ரைவ் இருந்தது. இயந்திரம் உயிர்த்த அடுத்த நிமிஷமே அந்த பென்ட்ரைவ் முழுவதும் பூச்சியங்களை எழுதித் துடைத்துவிடுவாள். வெறுமனே அழித்தால் தோண்டி எடுத்துவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும். பூச்சியம் எழுதினால் யாராலும் எடுக்க முடியாது.

இந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அடுத்த ஒழுங்கையில் குடியிருந்த ஒரு பிள்ளை, தன் போனை எங்கோ ஒரு கடையில் திருத்தக் கொடுத்தாள். கலியாண வீட்டில் பெண்களுக்குள் முக்காடில்லாமல் எடுத்த நாலைந்து படங்கள் ஊர் முழுக்க ஓடின. பேசிவைத்த சம்பந்தம் குழம்பியது. அந்தப் பிள்ளை இரண்டு வருடம் வாசலுக்கு வரவில்லை. அவள் செய்த குற்றமெல்லாம், அவளுடைய போன் சார்ஜ் ஏறாமல் போனதுதான். தொழில்நுட்பக் கல்லூரியில் வன்பொருள் வகுப்பில் ஒற்றைப் பெண்ணாய் உட்கார்ந்து படித்த ஜுனைதா, அந்தச் சான்றிதழை அலுமாரிக்குள் வைத்துவிட்டுச் சோறாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பிள்ளையின் உம்மா வந்து அழுதுவிட்டுப் போன அன்று பின்னேரமே ஜுனைதா தன் கணவன் ஜெஸீமிடம் மேசை கேட்டாள். பாடசாலை வேன் ஓட்டும் ஜெஸீம், "மேச மட்டும் போதுமா, கதிர வேணாமா?" என்று கேலி பேசிக்கொண்டே மறுநாள் இரண்டையும் கொண்டுவந்து இறக்கினான்.

அவளுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு படம், ஒரு கடிதம், ஒரு வார்த்தை அவள் அறையை விட்டு வெளியே போனதில்லை. நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் அமானிதம் என்றால் ஜுனைதா என்று ஊரில் பேச்சிருந்தது. கடைசியில் அந்த அமானிதமே அவளைக் கவிழ்த்துப்போட்டது.

சென்ற வருடம் நிப்லா ஆளனுப்பினாள். இருபத்தேழு வயதுப் பெண். கணவன் ஹாதிக் மௌத்தாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அக்கரைப்பற்று வீதியில் லொறி ஒன்று அவனுடைய மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சட்டைப்பையில் இருந்த போன் பொடிப்பொடியாய்ப் போனது. நிப்லா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமுடியாது, அந்நிய ஆண்களின் முன்னே வரக்கூடாது. அதனால் ஜுனைதாதான் போக வேண்டியிருந்தது.

யன்னலுக்கெல்லாம் தடித்த சீலை போட்டிருந்தார்கள். நிப்லா வெள்ளை உடுத்துப் பாயில் இருந்தாள். நாலரை வயது மகள் அம்ஹா அவளுடைய மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கறுப்பு லெப்டொப்.

"தானாப் புதுசாக்கிக்கிட்டிருந்திச்சு ராத்தா," என்றாள் நிப்லா. "தொடாதீங்க, நிப்பாட்டாதீங்க எண்டு எழுத்து வந்திச்சு. நான் தொடயும் இல்ல. நடுவில கரண்ட் போயிட்டு. பெற்றரியும் கைகுடுக்கல்ல. மறுகா போட்டா வெறும் கறுப்பு."

"பயப்படாத புள்ள. அப்பிடி எத்தினையோ பாத்திரிக்கன்."

"இதுக்க அவர்ர குரல் இரிக்கி."

நிப்லா மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஹாதிக் கத்தாரில் ஆறு வருடம் ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைபவனாக இருந்தான். ஆட்குறைப்பு வந்தபோது அவன் பாவித்த லெப்டொப்பை அவனிடமே கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்தவன் ஒரு காரியம் தொடங்கினான். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் குசினியில் இந்த லெப்டொப்பைத் திறந்துவைத்துக்கொண்டு மகளுக்காகக் குர்ஆன் ஓதிப் பதிவான். கடைசி அத்தியாயமான சின்ன சூறாவிலிருந்து மேலே மேலே. குல் அஊதுவில் தொடங்கி வள்ளுஹா வரைக்கும் இருபத்திரண்டு சூறா. போனில் பதிந்தால் பிள்ளை போனுக்குப் பழகிவிடும் என்பது அவனுடைய கொள்கை. ஆதலால் எதுவும் போனில் இல்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை. நோன்புக்குள் மிச்சத்தையும் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

"ஒவ்வொரு நாளும் ஒரு சூறா போட்டுக் குடுப்பன். அதக் கேட்டுத்தான் புள்ள படுக்கும். இப்ப ஒம்பது நாளா வாப்பாவப் போடுங்க, வாப்பாவப் போடுங்க எண்டு அழுகுது."

"உன்ட போன்ல அவர்ர குரல் ஒண்டுமில்லயா?"

"இரிக்கி." நிப்லா போனை எடுத்து ஒன்றைத் தட்டினாள். பால்மா முடிஞ்சா என்று ஓர் ஆண்குரல் கேட்டது. அடுத்தது, கரண்ட் பில் கட்டினயா. அடுத்தது, வாறன். அவ்வளவுதான். ஆறு வருடப் பேச்சையும் பழைய போனோடு சேர்த்துத் தொலைத்திருந்தாள். அதை அவள் சொன்ன விதத்தில், ஏற்கெனவே அதற்காகத் தன்னைத்தானே போதுமான அளவு திட்டித் தீர்த்திருந்தது தெரிந்தது.

2004இல் கடல் ஜுனைதாவின் உம்மாவைக் கொண்டுபோனது. வீட்டோடு படப்பெட்டியும் போனது. உம்மாவின் முகம் இன்னும் மங்கலாக நினைவிருக்கிறது. குரல் எப்படி என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. இருபது வருடமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஜெஸீமிடம்கூட. அந்தப் பாயின் ஓரத்தில் இருந்தபடியே லெப்டொப்புக்காகக் கையை நீட்டினாள்.

"தா புள்ள. நான் எழுப்பித் தாறன்."

"பின் நம்பர் வேணுமா ராத்தா? புள்ளைட பொறந்த..."

ஜுனைதா கையை உயர்த்தித் தடுத்தாள். "செல்லாத. அது உன்னோட இரிக்கட்டும். எனக்கு ஒண்டும் தெரிய வேணாம்."

அந்த ஒரு நிமிஷம் பொறுத்திருந்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம். லெப்டொப்பின் அடியில் கத்தார்க் கம்பெனியின் இலக்கத்தகடு ஒட்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் கோப்புகள் பதியும் தங்கள் வட்டுகளை ரகசியச் சாவியால் பூட்டிவைப்பது உலகம் அறிந்த வழக்கம். ஜுனைதாவும் அறிந்ததுதான். ஆனால் அவள் கைக்கு வருவதெல்லாம் மாணவிகளின் பழைய லெப்டொப்புகளும் டீச்சர்மாரின் பழைய லெப்டொப்புகளும். பூட்டுள்ள வட்டு ஒன்றை அந்த மேசை அதுவரை கண்டதில்லை. கை பழகிய வழியில் மனமும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றியதும் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. புதுப்பிக்கும்போது மின்சாரம் போனதால் எட்டுக்கால் சிப்புக்குள் பாதி புதியதும் பாதி பழையதுமாய்க் கலந்து கிடந்தது. கொம்பியூட்டரை எழுப்பும் முதல் கட்டளைகள் இருக்கும் இடம் அது. பயோஸ் என்பார்கள். போர்க்காலத்தில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது லேசு. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி அடையாள அட்டை காட்டினால்தான் அடுத்த சாவடிக்கு விடுவார்கள். இதுவும் அப்படித்தான். மூளைச் சிப்பைச் செய்யும்போதே அதற்குள் ஒரு சின்னக் கட்டளையைச் சுட்டுவைத்துவிடுகிறார்கள். அதை யாராலும் மாற்ற முடியாது. சுவிட்சைப் போட்டதும் முதலில் எழும்புவது அதுதான். எழும்பி, பயோஸைச் செய்தவர்கள் வைத்த கையெழுத்துச் சரியா என்று பார்க்கும். சரியென்றால் வழிவிடும். பயோஸ் அடுத்ததைப் பார்க்கும், அடுத்தது அதற்கடுத்ததை. எங்காவது ஓர் எழுத்துப் பிசகினாலும் அங்கேயே நிறுத்திவிடும். களவாணி யாரும் நடுவில் புகுந்து கட்டளையை மாற்றிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. களவாணிக்கும் கரண்ட் போனதுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே கறுப்புத் திரைதான்.

ஜுனைதா செய்ய வேண்டியதை ஒழுங்காகவே செய்தாள். முதலில் சிப்பில் இருந்ததை அப்படியே படித்துச் சிவப்பு பென்ட்ரைவில் எடுத்துவைத்தாள். பிறகு லெப்டொப்பைச் செய்த கம்பெனியின் இணையதளத்திலிருந்து பழுதில்லாத பயோஸை இறக்கிச் சிப்பு முழுவதும் எழுதினாள். மூடியைப் பூட்டிச் சுவிட்சை அமத்தினாள். காற்றாடி சுழன்றது. ஒரு நிமிஷம் கறுப்பாகவே இருந்தது. பிறகு நடுத்திரையில் இலச்சினை பளிச்சென்று வந்தது.

அவள் அதோடு சுவிட்சை நிறுத்தினாள். இலச்சினை வந்தாயிற்று, இனிமேல் அது நிப்லாவினுடையது. சிவப்பு பென்ட்ரைவைச் செருகினாள். உள்ளே இருந்த கோப்பின் மேல் பூச்சியங்களை எழுதினாள். அடுத்தவர் வீட்டுச் சாமான் ஒன்றும் தன்னிடம் இல்லை என்ற திருப்தியோடு எழும்பி, குசினிக்குப் போய் ஜெஸீமுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அன்று அவள் பைத் பாட்டொன்றை மெல்லப் பாடிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றியதாக ஜெஸீம் பின்னாளில் சொல்வான். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொள்வான்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு லெப்டொப்பைக் கொண்டுபோனாள். அம்ஹா தாயின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நிப்லா சுவிட்சை அமத்தினாள். இலச்சினை வந்ததும் பிள்ளை கைதட்டியது.

"வாப்பா வரப்போறாரு," என்றது.

வந்தது நீலத் திரை. அதில் ஆங்கில எழுத்துகள், நடுவே இலக்கம் கேட்கும் ஒரு நீளக் கோடு. நிப்லா தன் பின் நம்பரை அடித்துப் பார்த்தாள்.

"ராத்தா, இது வேற என்னமோ கேக்குது. நாப்பத்தெட்டு இலக்கம் எண்டு போட்டிரிக்கி."

அந்தத் திரையைக் கண்ட கணத்திலேயே ஜுனைதாவுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை, அவளுக்கே தெரிந்த பாடம் அது.

வட்டு பூட்டிக் கிடந்தது. பூட்டின் சாவியை மூளைச் சிப்பின் காவல் பகுதி தன் ரகசிய எண்ணால் மூடி, எட்டுக்கால் சிப்பின் ஒரு மூலையில் ஒளித்துவைத்திருந்தது. கொம்பியூட்டர் எழும்பிய பிறகும் தூங்காமல் அடியில் விழித்திருந்து பார்ப்பது அந்தக் காவல்தான். எல்லாச் சாவடியும் ஒழுங்காக இருந்தால் அதுவே சாவியை எடுத்துக் கொடுத்துவிடும், பின் நம்பரோடு வேலை முடியும். அந்த மூலையையும் சேர்த்துத்தான் ஜுனைதா புதியதால் நிரப்பியிருந்தாள். படியெடுத்த பழைய கோப்பு மட்டும் இருந்திருந்தால், அந்த மூலையைப் பழையதிலிருந்து வெட்டிப் புதியதில் ஒட்டி, அதே பலகையில் எழுதி, காவலுக்கு அதன் சாமானைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அரைமணி நேர வேலை. அந்தக் கோப்பின் மேல் அவள் மத்தியானமே பூச்சியம் எழுதிவிட்டாள். இனி அந்தத் திரை கேட்பது, வட்டைப் பூட்டியபோது கம்பெனி எடுத்துவைத்த நாற்பத்தெட்டு இலக்க மாற்றுச் சாவியைத்தான்.

"ஒரு சின்ன வேல மிச்சமிரிக்கி புள்ள," என்றாள். "வீட்ட கொண்டுபோய்ப் பாத்துட்டு வாறன்."

பிள்ளை வீரிட்டு அழுதது. ஜுனைதா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீதிக்கு வந்ததை நாலாவது வீட்டைத் தாண்டித்தான் கவனித்தாள்.

பன்னிரண்டு நாள் அவள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. அழிந்ததைத் தோண்டும் மென்பொருள் எத்தனை உண்டோ அத்தனையையும் சிவப்பு பென்ட்ரைவில் ஓட்டிப் பார்த்தாள். திரை நிறையப் பூச்சியம் வந்தது. முதலிலிருந்து கடைசி வரைக்கும், ஒன்றுகூடப் பிசகாமல், தன் கையால் எழுதிய பூச்சியங்கள். எவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கத்தார்க் கம்பெனிக்கு எழுதினாள். ஹாதிக்கின் இலக்கத்தகட்டைப் படமெடுத்து, மௌத்துச் சான்றிதழை இணைத்து, கெஞ்சி எழுதினாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அந்த நாற்பத்தெட்டு இலக்கமும் கம்பெனிக் கணக்கில்தான் இருந்தனவாம். விலகிப் போனவர்களின் கணக்கை ஒரு வருடத்தில் அழித்துவிடுவது அவர்கள் நடைமுறையாம். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று கடைசி வரியில் இருந்தது.

ஜெஸீம் அவளைத் தேற்றப் பார்த்தான். "நீ என்ன, களவெடுத்தயா? ஒழுங்காத்தானே நடந்த. ஏன் இப்பிடி அழுற?"

"களவெடுத்திரிந்தா இரிந்திரிக்குமே," என்றாள் ஜுனைதா.

ஜெஸீம் அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

பதின்மூன்றாம் நாள் அவள் நிப்லாவின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னாள். மென்று விழுங்கவில்லை. எதை எழுதினாள், எதைத் துடைத்தாள், எதைக் கேட்காமல் விட்டாள் என்று முழுவதையும் சொன்னாள். திட்டுவாள், எறிவாள், போ என்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள். நிப்லா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர்ர குரல் அழிஞ்சிட்டா ராத்தா?"

"இல்ல புள்ள. அது அப்பிடியே உள்ளுக்க இரிக்கி. ஒரு எழுத்தும் கொறயல்ல. தொறக்கத்தான் ஏலா."

உண்மைதான் அது. ஆறுதலாகவும் இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் உண்மையைத் தொழில் தெரியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று யோசிக்கும் நிதானம் அவளுக்கு அன்று இருக்கவில்லை. உள்ளே இருக்கிறது என்ற சொல் மட்டும் நிப்லாவின் காதில் விழுந்தது. தலையை ஆட்டிவிட்டு லெப்டொப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இத்தா முடிந்து ஒரு கிழமை கழித்து, ஒரு முற்பகலில் நிப்லா தானே ஜுனைதாவின் முன்னறைக்கு வந்தாள். பிள்ளையை உம்மாவிடம் விட்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. அது ஜுனைதாவுக்குப் பிடிக்கவில்லை. லெப்டொப்போடு ஓர் அப்பியாசக் கொப்பியையும் மேசையில் வைத்தாள்.

"ராத்தா, கிட்ட வந்துட்டன் போல கிடக்கு."

கொப்பியில் வரிவரியாய் இலக்கங்கள், ஆறு ஆறாக. மணிமணியான எழுத்து. இருநூறுக்கு மேல் வெட்டப்பட்டிருந்தன. பத்தொன்பதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"அது ஆறு ஆறாத்தானே கேக்குது. அவரு எந்த இலக்கத்த வெப்பாரு எண்டு யோசிச்சு யோசிச்சு அடிச்சன். பிழை எண்டா ஒடனே பிழை எண்டு செல்லுது. இந்தப் பத்தொம்பதையும் அது ஏத்துக்கொண்டிச்சு. மொத மொத ஏத்துக்கொண்டது எது தெரியுமா? எங்கட கலியாணத் திகதி. பன்ரெண்டு, நாலு, பதினேழு. இனி எட்டுத் தொகுதியையும் எந்த ஒழுங்கில போடுறதெண்டு மட்டும் நீங்க செல்லித் தந்தாச் சரி."

ஜுனைதா அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். நாற்பத்தெட்டு இலக்கத்தையும் கையால் அடிப்பவர்கள் விரல் தவறுவார்கள் என்று, செய்தவர்கள் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தொகுதியும் பதினொன்றால் மீதியின்றிப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் அடிக்கும்போதே பிழை காட்டும். பிரிந்தால் சத்தமில்லாமல் அடுத்த தொகுதிக்கு விட்டுவிடும். பதினொரு எண்ணுக்கு ஒன்று அப்படி அமையும். இருநூற்றிச் சொச்சத்தில் பத்தொன்பது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இந்தப் பெண் இதை வைத்துக்கொண்டு எழும்பி நடமாடுகிறாள். ஒழுங்கு மாற்றி ஒழுங்கு மாற்றி அடித்துக்கொண்டிருக்கட்டும். அவளுக்கும் ஒரு வேலை, மனசுக்கும் ஒரு பிடி. ஆனால் அந்த வெளிச்சத்தை இன்னொரு நாள் அணைக்க வேண்டிவந்தால் அதையும் தன் கைதானே செய்ய வேண்டும்.

"நிப்லா, ஆறு ஒண்ட அடிச்சுப் பாரு."

"ஆறு ஒண்டா?"

"ஓம். ஒண்டு, ஒண்டு, ஒண்டு எண்டு ஆறு தரம்."

நிப்லா அடித்தாள். திரை பேசாமல் ஏற்றுக்கொண்டது. அவள் முகம் மலர்ந்தது, பிறகு மெல்லக் குழம்பியது.

"இதயும் எடுக்குதே."

ஜுனைதா கல்குலேட்டரை அவள் பக்கம் நகர்த்தி, அந்தக் கலியாணத் திகதியைப் பதினொன்றால் பிரித்துக் காட்டினாள். மீதி வரவில்லை. இன்னொன்றைக் காட்டினாள், இன்னொன்றையும். நாலாவதில் நிப்லா தானே கல்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"அப்ப கலியாணத் திகதி..."

"சும்மா கணக்கு புள்ள. விரல் தவறிச்சா எண்டு பாக்குற கணக்கு. அவரு வெச்ச இலக்கமில்ல அது. யாரும் வெச்சதுமில்ல. கொம்பியூட்டர் தானா எடுத்தது."

"எத்தின காலம் அடிச்சாப் பிடிக்கும்?"

"கியாமத்து நாள் வரைக்கும் அடிச்சாலும் பிடிக்கா."

வெளியே மீன்காரனின் ஹோர்ன் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. நிப்லா கொப்பியை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஜுனைதா அவளைக் கட்டிப்பிடித்துத் தானும் அழுதிருப்பாள்.

"ராத்தா, இத அழிச்சுப் போடுங்க."

"என்ன?"

"உள்ளுக்க இரிக்கிற எல்லாத்தையும். உள்ளுக்க இரிக்கி எண்டு தெரிஞ்சுகொண்டு என்னால நிப்பாட்ட ஏலா. சோறு வடிக்கக்குள்ளயும் கை இலக்கம் தேடுது. நேத்து புள்ள கிணத்துக் கட்டில ஏறி நிண்டிரிக்கி. உம்மா உம்மா எண்டு கூப்பிட்டிரிக்கி. நான் அறைக்க இருந்து அடிச்சுக்கொண்டிரிந்தன். எனக்குக் கேக்கவேயில்ல."

ஜுனைதாவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, பொறு, நாளைக்கு யாராவது ஒரு வழி கண்டுபிடிப்பார்கள் என்று சொல்ல.

"வழி வருமா?" என்று அதற்குள் நிப்லாவே கேட்டுவிட்டாள்.

"வரா."

"அப்ப அழியுங்க."

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் பென்ட்ரைவைச் செருகி ஜுனைதா கொம்பியூட்டரை எழுப்பினாள். எல்லாச் சாவடிகளும் வழிவிட்டன. வட்டு முழுவதும் அழியும், மீட்க முடியாது, சம்மதமா என்று திரை கேட்டது. ஜுனைதா நிப்லாவின் பக்கம் திருப்பினாள். நிப்லா தலையை அசைத்து மறுத்தாள்.

"என்ட கையால ஏலா. நீங்க அமத்துங்க."

நூற்றுக்கணக்கான தடவை அழித்துப் பழகிய விரல். கண்ணை மூடிக்கொண்டும் செய்யும். அன்று அது கீழே இறங்க மறுத்தது. ஹாதிக்கை அவள் ஒருநாளும் கண்டதில்லை, அவன் ஓதியதில் ஒரு சொல்லையும் கேட்டதில்லை. இலச்சினைக்கு அப்பால் போகமாட்டேன் என்று இருந்தவளுக்கு அப்பால் கிடைத்த வேலை இதுதான். காரியம் தொடங்கச் சொல்லும் பிஸ்மியைச் சொல்வதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் அமத்தினாள்.

பூட்டிய வட்டை அழிப்பதற்கு நேரம் எடுக்காது. பட்டியலில் இருந்த வரி மறைந்தது, வெற்றிடம் என்று ஒரு வரி வந்தது.

"முடிஞ்சா ராத்தா?"

"முடிஞ்சி."

நிப்லா முக்காட்டை ஒதுக்கிக் குனிந்து, லெப்டொப்பின் மேல் காதை வைத்தாள்.

"போகக்குள்ள ஒரு சத்தமும் வரல்லியே," என்றாள்.